வினைல் பலகைத் தரை: வரலாறும் தேர்வும்

வினைல் பலகைத் தரை என்பது பாலிவினைல் குளோரைடு (பி.வி.சி.) என்னும் நெகிழியைக் கொண்டு, மரப்பலகை வடிவில் நீளமான துண்டுகளாகச் செய்யப்படும் தரையுறை ஆகும். கடைகளில் இது 'லக்சரி வினைல் பிளாங்க்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. 'லக்சரி' என்ற அடைமொழி ஒரு தரச்சான்று அன்று. சுருளாக வரும் மெல்லிய வினைல் விரிப்பிலிருந்து தடித்த துண்டு வகையைப் பிரித்துக் காட்ட வணிகர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. மூன்று மில்லிமீட்டர் பலகைக்கும் எட்டு மில்லிமீட்டர் பலகைக்கும் இந்தப் பெயர் பொருந்தும்.

இந்தத் தரையை வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பில் அச்சிடப்பட்ட மரத்தின் படம் மட்டுமே. தரை எத்தனை ஆண்டு உழைக்கும், வீட்டில் இருப்பவர்களின் உடல்நலத்துக்கு ஏற்றதா என்பவற்றை முடிவு செய்பவை படத்துக்குக் கீழே இருக்கின்றன. ஏறத்தாழ 160 ஆண்டுகளாகத் தொழிற்சாலைத் தரையுறைகளின் வரலாறு இதே முறையில்தான் நடந்து வந்துள்ளது. ஒவ்வொரு புதிய பொருளும் முந்தைய பொருளின் கண்கண்ட குறையைத் தீர்த்தது. அதோடு, பல ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்ட வேறொரு குறையையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது.

எண்ணெய்த் துணியும் லினோலியமும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பளிங்குத் தரையும் உயர்ந்த மரத்தரையும் செல்வர் வீடுகளுக்கு உரியவை. அவற்றுக்கு மாற்றாகக் கித்தான் துணியின்மேல் எண்ணெய் வண்ணத்தைப் பல அடுக்குகளாகப் பூசி, பளிங்குக் கட்டங்கள் போலவும் கம்பளம் போலவும் கோலமிட்டு விரித்தனர். ஸ்காட்லாந்தின் கர்கோடி நகரில் மைக்கேல் நேர்ன் 1847-இல் இந்த எண்ணெய்த் துணிக்காகப் பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டத் தொடங்கியபோது ஊரார் அதை 'நேர்னின் மடத்தனம்' என்று கேலி செய்தனர். தொழில் செழித்தது. ஆனால் வண்ண அடுக்கு தேய்ந்ததும் கீழிருக்கும் துணி வெளியே தெரிந்தது. எண்ணெய்த் துணியின் பெரிய குறை இதுவே.

இதற்கு விடை கண்டவர் ஆங்கிலேயரான பிரெடெரிக் வால்டன். திறந்து வைத்த வண்ணக் குப்பியில் ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு ரப்பர் போன்ற தோலாக உறைவதை அவர் கவனித்தார். அந்த எண்ணெயை வேண்டுமென்றே காற்றில் உறையவைத்து, பிசினும் தக்கைத் தூளும் நிறமியும் சேர்த்துப் பிசைந்து, துணியின்மேல் அழுத்திப் பரப்பும் முறைக்கு 1863-இல் காப்புரிமை பெற்றார். ஆளியையும் எண்ணெயையும் குறிக்கும் லத்தீன் சொற்களைச் சேர்த்து 'லினோலியம்' என்று பெயரிட்டார். 1864-இல் லண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது.

உயரமான கொட்டகைகளில் மெல்லிய துணிகளைத் தொங்கவிட்டு, அவற்றின்மேல் நாள்தோறும் எண்ணெயை வழியவிட்டனர். போதுமான தடிமன் சேர வாரக்கணக்கில் ஆகும். இதற்கு வேண்டிய ஆளிவிதையின் ஒரு பகுதி பிரித்தானிய இந்தியாவிலிருந்து கப்பலேறியது. அடித்துணிக்கான சணல் வங்கத்திலிருந்து ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளுக்குச் சென்றது. ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் சமையலறைத் தரையில் இந்திய உழவர்களின் விளைச்சலும் கலந்திருந்தது.

வால்டனின் காப்புரிமைக் காலம் 1877-இல் முடிந்ததும் நேர்ன் நிறுவனமும் லினோலியம் செய்யத் தொடங்கியது. பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று வால்டனின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்தப் பொருளுக்கு வேறு பெயரே இல்லாத நிலையில் காப்புரிமை முடிந்தபின் பெயரும் பொதுவாகிவிடும் என்று 1878-இல் தீர்ப்பு வந்தது. வணிகப் பெயர் பொதுப்பெயராக மாறுவதற்கு எடுத்துக்காட்டாக இவ்வழக்கு இன்றும் குறிப்பிடப்படுகிறது. அமெரிக்காவில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வால்டனின் பங்கேற்போடு அமைந்த ஆலையைச் சுற்றி 'லினோலியம்வில்' என்றே ஓர் ஊர் உருவானது. ஆலை மூடப்பட்ட 1930களின் தொடக்கத்தில் ஊர்ப்பெயரும் மாறியது.

லினோலியத்தில் நிறம் மேலிருந்து கீழ்வரை ஊடுருவியிருந்ததால் தேய்ந்தாலும் தோற்றம் கெடவில்லை. மருத்துவமனைகளும் பள்ளிகளும் அதை விரும்பி ஏற்றன. இருந்தும் அதற்கு ஒரு பகை உண்டு. தரையிலிருந்து ஏறும் ஓதமும், காங்கிரீட்டில் உள்ள காரமும் ஆளிவிதை எண்ணெயைச் சிதைத்துவிடும். மரத்தரையின்மேல் நீடித்து உழைத்த லினோலியம், மண்ணின்மேல் நேரடியாக ஊற்றிய காங்கிரீட்டின்மேல் அழுகியது.

காங்கிரீட் தரையும் கல்நாரும்

இருபதாம் நூற்றாண்டின் வீடமைப்பு அந்தக் காங்கிரீட்டை நோக்கியே நகர்ந்தது. 1920களில் அமெரிக்காவில் நிலக்கீலைக் கொண்டு செய்த தரை ஓடுகள் சந்தைக்கு வந்தன. நிலக்கீல் நீருக்கு அஞ்சாது, விலையும் குறைவு. ஆனால் வெறும் நிலக்கீல் வெயிலில் இளகும், குளிரில் நொறுங்கும். அதைப் பிடித்து நிறுத்த நார் தேவைப்பட்டது. தீப்பிடிக்காததும் மலிவானதுமான கல்நார் அதற்குத் தோதாக அமைந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நாடு திரும்பிய படைவீரர்களுக்காக நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பு எழுந்தது. 1947 முதல் 1951 வரை அங்கு 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. நிலவறை இல்லாமல், மண்ணின்மேல் ஊற்றிய காங்கிரீட் தளத்தில், நிலக்கீல் ஓடு பதித்த வீடுகள் அவை. விரைவும் மலிவும் ஒன்றுசேர்ந்த இந்த முறை நாடெங்கும் பரவியது. நிலக்கீலின் குறைகள் அடுத்து வெளிப்பட்டன. எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் ஓடு கரைந்தது. நிறமும் கருமையை விட்டு அதிக தூரம் வரவில்லை. அடுத்த விடையாக வந்தது வினைல்.

பி.வி.சி.யின் வரவு

பி.வி.சி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆய்வுக்கூடங்களில் தோன்றிய பொருள். ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பாவ்மன் 1872-இல் அதை விவரித்தார். விறைப்பாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருந்ததால் எவருக்கும் அது பயன்படவில்லை. 1926-இல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி.யைக் கொதிநிலை உயர்ந்த கரைப்பான்களில் சூடாக்கியபோது பசை கிடைக்கவில்லை; வளைந்து நெளியும், நீர் ஊடுருவாத புதிய பொருள் கிடைத்தது. விறைத்த பி.வி.சி.யை இளக்கும் இத்தகைய சேர்ம வகைக்கு நெகிழ்வூட்டி என்று பெயர். தரையின் பிற்கால வரலாற்றில் இந்தச் சொல் மீண்டும் வரும்.

1933-இல் சிகாகோவில் நடந்த 'முன்னேற்றத்தின் நூற்றாண்டு' கண்காட்சியில் வினைல் தரை ஓடுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. போர்க்காலத்தில் மின்கம்பி உறை போன்ற இராணுவத் தேவைகளுக்குச் சென்ற பி.வி.சி., போர் முடிந்ததும் வீடுகளுக்குத் திரும்பியது. 1950களில் வெளிர் நிறங்களில், பிசுக்குக்கு அஞ்சாத வினைல் ஓடுகள் அமெரிக்கச் சமையலறைகளை நிறைத்தன. நிலக்கீல் போனது, கல்நார் போகவில்லை. ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளாக விற்ற 'வினைல்-கல்நார்' வகை பல பத்தாண்டுகள் சந்தையை ஆண்டது. ஓட்டை ஒட்டிய கருநிறப் பசையிலும், சுருளாக வந்த வினைல் விரிப்புகள் சிலவற்றின் அடித்தாளிலும் கல்நார் இருந்தது.

பதித்த நிலையில் அந்த ஓடு பெரும்பாலும் தீங்கற்றது. நார் வினைலுக்குள் இறுகிக் கிடக்கும். உடைக்கும்போதும் தேய்த்து எடுக்கும்போதும்தான் நார்த்தூள் காற்றில் கலக்கிறது. மூச்சில் சென்ற நார் நோயாக வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகள் ஆகலாம். 1964-இல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் மருத்துவர் இர்விங் செலிகாஃப் கல்நார்த் தொழிலாளர்களிடையே கண்ட நுரையீரல் புற்றுநோயையும் பிற நோய்களையும் எடுத்துவைத்த பின்னரும், அமெரிக்கத் தரைத் தொழில் அதை முழுதாகக் கைவிட 1980களின் நடுப்பகுதி ஆனது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989-இல் கொண்டுவந்த பரந்த தடையின் பெரும்பகுதியை 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. தடை நிலைத்த சில பொருள்களில் தரை விரிப்பின் கல்நார் அடித்தாளும் ஒன்று. வழக்குகளின் சுமையால் புரூக்ளினின் கென்டைல் நிறுவனம் 1992-இலும், ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் 2000-இலும் திவால் பாதுகாப்பை நாடின. விற்கப்பட்ட ஓடுகளில் கணக்கற்றவை பழைய வீடுகளில் இன்றும் கிடக்கின்றன. புதிய தரைக்காகப் பழையதைப் பெயர்க்கும் நாளில்தான் அவை ஆபத்தாகின்றன.

லூயிவில், 1974

வினைல் தரையின் இன்னொரு விலையைக் கொடுத்தவர்கள் அதை வாங்கியவர்கள் அல்லர். பி.வி.சி.யின் மூலப்பொருளான வினைல் குளோரைடு ஒரு வாயு. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இருந்த குட்ரிச் ஆலையில், அந்த வாயு உறைந்து பி.வி.சி. ஆகும் கலன்களுக்குள் இறங்கித் தொழிலாளர்கள் சுரண்டிச் சுத்தம் செய்தனர். அவர்களில் சிலர் கல்லீரல் இரத்தக்குழாய்ப் புற்றுநோயால் இறந்ததை 1974 ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது. மருத்துவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடக் காண வாய்ப்பில்லாத அரிய நோய் அது. ஒரே ஆலையில் பலருக்கு வந்ததால்தான் ஆலை மருத்துவரின் கவனத்துக்கு வந்தது.

அதுவரை தொழிலிடக் காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை வினைல் குளோரைடு இருக்க அனுமதி இருந்தது. 1974-இல் வகுத்த புதிய விதி அதை எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு பங்குக்குக் குறைத்தது. தொழிலே அழிந்துவிடும் என்று உற்பத்தியாளர்கள் எச்சரித்தனர். கலன்களை மூடியும் கசிவை மீட்டும் விதியை நிறைவேற்றினர். தொழில் அழியவில்லை, வளர்ந்தது.

வாயுவின் ஆபத்து தொழிற்சாலைச் சுவருக்குள் முடிவதில்லை. 2023 பிப்ரவரி 3 அன்று ஓஹையோவின் ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரில் சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டது. வினைல் குளோரைடு நிரம்பிய ஐந்து பெட்டிகள் மூன்று நாள் கழித்து வேண்டுமென்றே திறந்து கொளுத்தப்பட்டன. அப்படிக் கொளுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024-இல் முடிவு கூறியது.

அச்சிட்ட மரம்

வினைலின்மேல் மரத்தின் ஒளிப்படத்தை அச்சிட்டு, அதன்மேல் ஒளிபுகும் வினைல் அடுக்கைப் பதிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செம்மைப்பட்டது. அச்சுத் தாளில் உள்ள நரம்புக்கு ஏற்ப மேற்பரப்பிலும் மேடுபள்ளம் அழுத்தப்பட்டதால், தடவிப் பார்த்தாலும் மரமென்றே தோன்றியது. இந்த வகையே 'லக்சரி வினைல்' ஆனது. முதலில் இது கடைகள், அலுவலகங்கள் போன்ற இடங்களில் பசைவைத்து ஒட்டப்பட்டது. தேர்ந்த கைவினைஞர் இல்லாமல் இதைப் பதிக்க முடியாது.

வீடுகளுக்குள் பெருமளவில் நுழைய வழி செய்தது வேறொரு தொழிலின் கண்டுபிடிப்பு. 1990களின் நடுப்பகுதியில் சுவீடனின் வெலிங்கே, பெல்ஜியத்தின் யுனிலின் ஆகிய நிறுவனங்கள், மரத்தூள் அட்டையால் ஆன லாமினேட் பலகைகளின் விளிம்பில் காடி வெட்டி, பசையும் ஆணியும் இன்றி ஒன்றோடொன்று பூட்டும் முறைகளை உருவாக்கின. பின்னர் அதே பூட்டு வினைலுக்கும் வந்தது. மெல்லிய வினைலில் பூட்டு நிற்காது என்பதால் விறைப்பான உட்கரு தேவைப்பட்டது. 2010களின் தொடக்கத்தில் மரத்தூளோ நுரையோ கலந்த உட்கருவும், அதையடுத்துச் சுண்ணாம்புக்கல் தூளைப் பெருமளவு கலந்த உட்கருவும் வந்தன. முன்னதை டபிள்யூ.பி.சி. என்றும் பின்னதை எஸ்.பி.சி. என்றும் கடைக்காரர்கள் அழைக்கின்றனர். 'நீர் புகாத மரத்தரை, நீங்களே பதிக்கலாம்' என்ற விளம்பரத்தோடு இவை சில ஆண்டுகளில் அமெரிக்காவின் மிக வேகமாக வளரும் தரை வகையாகின. பெரும்பகுதி சீனாவிலிருந்து இறக்குமதியானது.

உள்ளே இருப்பவை

சீமன் கண்டறிந்த வழியில் பி.வி.சி.யை இளக்கத் தாலேட் என்னும் சேர்மங்கள் நெடுங்காலம் பயன்பட்டன. நெகிழ்வூட்டி பி.வி.சி.யோடு வேதிப்பிணைப்புக் கொள்வதில்லை. எனவே மெல்ல மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேர்கிறது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு அது எளிதில் செல்லும். வீட்டுத் தூசியில் சில தாலேட்டுகள் மிகுந்திருப்பதற்கும் குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை அறிகுறிகளுக்கும் தொடர்பு தென்படுவதாக 2004-இல் சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. தொடர்பு தென்படுவது காரணம் உறுதியாவது ஆகாது. ஆயினும் சந்தை மாறியது.

அமெரிக்கா 2008-இல் பொம்மைகளில் சில தாலேட்டுகளைத் தடை செய்தது. குழந்தை விளையாடும் தரைக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. 2015-இல் ஹோம் டிப்போ போன்ற பெரிய விற்பனை நிறுவனங்கள் தாமாகவே தாலேட் கலந்த வினைல் தரையை நிறுத்துவதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் நான்கு தாலேட்டுகளின் அளவை 0.1 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தியது. இங்கு ஒரு முரண் உண்டு. பழைய பி.வி.சி.யை மறுசுழற்சி செய்து உட்கருவில் சேர்த்தால், அதிலிருந்த தாலேட்டும் ஈயமும் காட்மியமும் புதிய பலகைக்குள் திரும்பி வரக்கூடும். 'மறுசுழற்சிப் பொருள் கலந்தது' என்ற அறிவிப்பு மட்டுமே நலத்துக்குச் சான்றாகாது.

மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் அண்மையில் எழுந்தது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் நிலக்கரியிலிருந்து, பாதரசத்தை வினையூக்கியாகக் கொண்டு பி.வி.சி. தயாரிக்கப்படுகிறது. அங்குள்ள ஆலைகளில் உய்குர் மக்கள் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்படுவதாகவும், அந்தப் பி.வி.சி. தரைப் பலகைகளாக உலகச் சந்தைக்குச் செல்வதாகவும் பிரிட்டனின் ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் அறிக்கை வெளியிட்டனர். கட்டாய உழைப்புப் பொருள்களைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் அதே ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 2023 ஜூனில் ஷின்ஜியாங் ஷோங்தாய் கெமிக்கல் என்ற பெரிய பி.வி.சி. நிறுவனம் அச்சட்டத்தின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆளிவிதைக் காலத்தைப் போலவே, தரை வாங்குபவர் அதன் மூலப்பொருளைத் தந்தவர்களைக் காண்பதில்லை.

இந்தியாவில்

தமிழ்நாட்டில் மேட்டூரில் 1960களில் கெம்பிளாஸ்ட் நிறுவனம் பி.வி.சி. உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குத் தொழில்நுட்பத் துணை நின்றது சீமன் பணியாற்றிய அதே குட்ரிச் நிறுவனம். இந்தியத் தரவிதிகளில் லினோலியத்துக்கு ஐ.எஸ். 653 என்ற எண்ணும், கல்நார் கலந்த பி.வி.சி. ஓடுகளுக்கு ஐ.எஸ். 3461 என்ற எண்ணும் உண்டு. அத்தகைய ஓடுகளுக்கெனத் தனி விதி இருந்ததால், பழைய அலுவலகக் கட்டடங்களையோ ஆய்வகங்களையோ புதுப்பிப்பவர்கள் இந்த வாய்ப்பை மனத்தில் கொள்ள வேண்டும். இந்தியாவில் கல்நார் இறக்குமதியும் பயன்பாடும் முற்றிலும் நின்றுவிடவில்லை.

வீடுகளில் ரெட் ஆக்சைடு, மொசைக், செராமிக் ஓடு, கிரானைட் என்று வந்த வரிசையில் வினைல் பலகை அண்மைக் காலத்து வரவு. ஏற்கெனவே பதித்த ஓட்டை உடைக்காமல் அதன்மேலேயே பரப்பலாம் என்பது இதன் முதன்மையான கவர்ச்சி. தரைத்தளத்தில் மழைக்காலத்து ஓதம் ஏறும் வீடுகளே அதில் மிகுந்த கவனம் தேவைப்படுபவை.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

தேர்வு பலகையில் தொடங்குவதில்லை, அடித்தளத்தில் தொடங்குகிறது. லினோலியத்தை வீழ்த்திய ஓதம் வினைலை அழுகச் செய்யாது. ஆனால் அடியில் சிக்கிய ஈரம் பசையை இளக்கும், பூஞ்சணத்தை வளர்க்கும். 'நீர் புகாதது' என்ற விளம்பரம் பலகையைப் பற்றியது மட்டுமே. இணைப்புகள் வழியே இறங்கும் நீரையும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் பற்றியதன்று. சுமார் 45 செ.மீ. சதுர நெகிழித் தாளைக் காங்கிரீட்டின்மேல் நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பார்ப்பது எளிய முதற்சோதனை. தாளின் அடியில் நீர்த்துளி நின்றாலோ காங்கிரீட் கருத்தாலோ முதலில் ஓதத்துக்கு வழி காண வேண்டும். தாள் காய்ந்திருந்தாலும், புதிய காங்கிரீட்டுக்குக் கருவி கொண்டு ஈரப்பதம் அளப்பதே நம்பத்தக்கது.

அடுத்தது சமதளம். பூட்டு வகைப் பலகைகளுக்கு மூன்று மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது என்பது உற்பத்தியாளர் பலர் விதிக்கும் வரம்பு. பள்ளத்தின்மேல் நிற்கும் பலகை, காலடி படும்போதெல்லாம் அசைந்து நாளடைவில் பூட்டு முறியும். மென்மையாக இருக்கட்டும் என்று அடியில் தடித்த நுரைத்தாளை விரிப்பதும் இதே கேட்டைத் தரும்.

மூன்றாவது, படத்தின்மேல் இருக்கும் ஒளிபுகும் தேய்மான அடுக்கு. பலகையின் மொத்தத் தடிமனை விட முதன்மையான அளவு இது. அமெரிக்க வழக்கில் இது 'மில்' என்ற அலகில் குறிக்கப்படுகிறது. ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீட்டர் அன்று. 6 மில் என்பது 0.15 மி.மீ., 12 மில் என்பது 0.3 மி.மீ., 20 மில் என்பது 0.5 மி.மீ. ஆள் நடமாட்டம் குறைந்த படுக்கையறைக்கு 12 மில் போதும். வாசற்புறம், சமையலறை, நாய் வளர்க்கும் வீடு ஆகியவற்றுக்கு 20 மில் ஏற்றது. எண்ணெய்த் துணியில் வண்ணம் தேய்ந்ததும் துணி தெரிந்தது போலவே, இந்த அடுக்கு தேய்ந்ததும் படம் அழியும். மரத்தை இழைத்துப் புதுப்பிப்பது போல வினைலைப் புதுப்பிக்க முடியாது. ஐரோப்பியத் தரக்குறியில் இரண்டில் தொடங்கும் எண் வீட்டுப் பயன்பாட்டையும், மூன்றில் தொடங்கும் எண் வணிகப் பயன்பாட்டையும் குறிக்கும். அடுத்த இலக்கம் கூடக்கூடத் தாங்கும் திறனும் கூடும்.

நான்காவது, உட்கருவும் பதிக்கும் முறையும். எஸ்.பி.சி. அடர்ந்தது, கனமான பீரோவும் கட்டிலும் அதில் எளிதில் பள்ளம் பதிக்காது. ஆனால் காலுக்குக் கடினமாகவும் நடக்கும்போது ஓசையுடனும் இருக்கும். டபிள்யூ.பி.சி. மென்மையும் வெதுவெதுப்பும் உடையது. பள்ளம் விழ வாய்ப்பு மிகுதி. பசைவைத்து ஒட்டும் மெல்லிய வகை, பெரிய கூடத்துக்கும் வெயில் விழும் இடத்துக்கும் பொருந்தும். ஆனால் அடித்தளத்தின் ஒவ்வொரு கல்லும் பள்ளமும் மேலே தெரியும். மிதவையாகப் பரப்பும் தரை வெப்பத்தில் விரியும் என்பதால் சுவரோரம் ஏறத்தாழ ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுவரடிப் பட்டையால் மறைப்பர். அதன்மேல் நிலையான சமையலறை அலமாரிகளைப் பொருத்தினால் தரை அசைய இடமின்றி மேலெழும்பும். மேற்கு வெயில் கண்ணாடி வழியே நேராக விழும் அறைக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வெப்ப வரம்பைக் கேட்டறிவது நல்லது.

ஐந்தாவது, உடல்நலம். தாலேட் இல்லை என்ற எழுத்துமூல உறுதியும், உட்கருவில் மறுசுழற்சிப் பி.வி.சி. உண்டா என்ற விடையும், ஃப்ளோர்ஸ்கோர் போன்ற காற்றுமாசுச் சான்றும் கேட்டுப் பெற வேண்டியவை. சான்று காற்றில் ஆவியாகும் சேர்மங்களை மட்டுமே அளப்பது. தூசியில் சேரும் நெகிழ்வூட்டியைப் பற்றி அது பேசுவதில்லை. எனவே இரண்டும் தேவை. ரப்பர் அடியுள்ள மிதியடிகள் வினைலோடு வினைபுரிந்து மஞ்சள் கறை ஏற்படுத்தும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பர்.

ஆறாவது, பழைய தரை. 1980களுக்கு முந்தைய வினைல் ஓடோ கரும்பசையோ இருந்தால், சோதனை செய்யாமல் உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. ஓடு உறுதியாக ஒட்டியிருந்தால் அதன்மேலேயே புதிய தரையைப் பரப்புவது பல நேரங்களில் பாதுகாப்பானது. அப்படிச் செய்தவர் அதை எழுதி வைத்து, வீட்டை அடுத்து வாங்குபவருக்குச் சொல்வது கடமை.

கடைசியாக, கணக்கு. மூலைகளில் வெட்டி வீணாவதைக் கருதிப் பத்து விழுக்காடு மிகையாக வாங்குவது வழக்கம். அச்சுப் படங்களும் பூட்டு வடிவங்களும் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்துவிடும் என்பதால், ஒரு பெட்டியைப் பழுதுநீக்கத்துக்கு எடுத்து வைப்பர். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதை விட, அது எவற்றை விலக்குகிறது என்ற பகுதியைப் படிப்பதே பயன் தரும். ஓதமும் சமதளமின்மையும் பெரும்பாலான உத்தரவாதங்களில் விலக்கப்பட்டவை.

மாற்றுகள்

வினைலின் வரவால் லினோலியம் ஏறத்தாழ மறைந்துபோனது. 1990களில் இயற்கைப் பொருள் என்ற காரணத்தால் அதற்கு மீண்டும் மதிப்பு வந்தது. நேர்ன் தொடங்கிய தொழிலின் தொடர்ச்சியாகக் கர்கோடியில் இன்றும் ஆளிவிதை எண்ணெயில் லினோலியம் தயாராகிறது. ஓதத்தைத் தாங்காத அதன் பழைய குறை மாறவில்லை. எனவே ஈரமான அடித்தளத்துக்கு அது இன்றும் ஏற்றதன்று. செராமிக் ஓடு நீருக்கும் வெயிலுக்கும் அஞ்சாதது; பெயர்ப்பதும் மாற்றுவதும் கடினம். மரம் புதுப்பிக்கத்தக்கது, விலை மிகுந்தது. வாடகை வீட்டுக்கும், விரைவில் மாற்ற எண்ணும் அறைக்கும், ஓட்டை உடைக்க முடியாத அடுக்ககத்துக்கும் வினைல் பலகை தகுந்த தேர்வாகலாம். ஓதம் நிற்காத தரைத்தளத்துக்கும், தலைமுறை கடந்து நிற்க வேண்டும் என்று கட்டும் வீட்டுக்கும் அது ஏற்றதன்று. வண்ண அட்டையைக் கையில் எடுக்கும் முன் அடித்தளம், தேய்மான அடுக்கு, உட்கரு, உட்பொருள் ஆகிய நான்கையும் பற்றிக் கேட்டவருக்கு இந்த வேறுபாடு கடையிலேயே தெரிந்துவிடும்.